குருசு நிமிர்ந்து நிற்கும் நேரம்

அமாவாசையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் கறுத்த வாவு என்றுதான் சொல்வார்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில் அப்படி ஒரு கறுத்த வாவு இரவில்தான், எங்கள் கரையில் இரவு வானத்தைப் படம் எடுக்கிறவன் நேர் தெற்கே பார்க்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது.

குழித்துறை ஆறு கடலில் சேரும் தேங்காப்பட்டணத்துக்கு மேற்கே துறை துறையாக ஊர்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. இரையுமன்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. நீரோடி தாண்டினால் பொழியூர், கேரளம். இந்த வரிசையில் ஒரு ஊரின் கரையில் மூன்று வருடமாக இரவு வானத்தைப் படம் எடுக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கரை முழுக்க வீடுகள், வாசலில் வலை, வலைக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுத் தூங்குகிற ஆட்கள், அங்கே சனிக்கிழமை தோறும் பத்துக் கார் வந்து நின்றால் அது அவர்களுக்குத்தான் தொந்தரவு.

முதல் இரண்டு வருடமும் நான் துரத்தியது பால்வெளியின் மையத்தை. இணையத்தில் நாம் பார்க்கிற படங்களில் பெரும்பாலும் அதுதானே இருக்கும், விருச்சிகத்தின் கொக்கி வாலுக்குப் பக்கத்தில் தடித்துப் புகைந்து நிற்கிற அந்தப் பகுதி. ஏப்ரல் கடைசியில் இரவு பத்து மணி வாக்கில் அது தென்கிழக்கில் எழும்பும். தென்கிழக்கில்தான் எங்களுக்குத் துறைமுக விளக்கும் கரையோர ஊர்களின் விளக்கும் இருக்கின்றன, ஆகவே அது நகர்ந்து கடலுக்கு மேல் வரும் வரைக்கும், அதாவது விடியற்காலை மூன்று, மூன்றே முக்கால் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை இரவில்தான், கரையேற்றி வைத்திருந்த வள்ளத்தின் அணியத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பாட்டா ஒருவர் கேட்டார்:

"ஏ பிள்ளே, வாறவன் எல்லாம் அந்த மூலையையே பாக்குதியளே, இந்தா நேர முன்ன குருசு நிக்கில்லா, அத எடுக்கலியா?"

திரும்பிப் பார்த்தேன். மணி பத்தரை. கையை முழுதாக நீட்டி ஒரு சாண் வைத்தால் ஏறக்குறைய 20 டிகிரி வரும், கடல் கோட்டிலிருந்து அந்த ஒரு சாணுக்கு மேலே நான்கு நட்சத்திரம், தென்சிலுவை, சாய்வே இல்லாமல் நிமிர்ந்து நின்றது. அதற்கு இடது பக்கம் இரண்டு பெரிய வெளிச்சப் புள்ளிகள், ஆல்ஃபா சென்டாரியும் பீட்டா சென்டாரியும். ஆல்ஃபா சென்டாரி நம் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரக் குடும்பம், 4 ஒளியாண்டுக்குச் சற்று அதிகமான தூரம்தான்.

"கெடந்தாப்லதான் எழும்பும். நேர நிமுந்து நின்னா அதுக்க காலுதான் தெக்கு. பிறவு மேக்கால சாயும். ஜிபிஎஸ்ஸு ஒண்ணும் இல்லாத காலத்துல இத முதுவுக்குப் பொறவால வச்சு வந்தா கரை."

எனக்கு அந்த இடத்தில் கேமராவைத் திருப்பத் தோன்றவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இந்த ஊர்க்காரர்கள் சுறாவுக்காக வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவர்கள். பகலில் கரை தெரியும் தூரத்தில் மலை உச்சியையும் கோயில் கோபுரத்தையும் நேர்படுத்தி இடம் பார்ப்பார்கள், கரை மறைந்த பிறகு அவர்களுக்கு வானம்தான். நான் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளில் பார்த்து மனப்பாடம் செய்ததை பாட்டா உடம்பால் தெரிந்து வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு எளிதுதான். எங்கள் கரை 8.2 டிகிரி வடக்கு. வானத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒரு நட்சத்திரம் எத்தனை டிகிரி தெற்கே இருக்கிறதோ அதையும் நம் ஊரின் அட்சரேகையையும் 90-லிருந்து கழித்தால், தெற்கில் அது அதிகபட்சம் எவ்வளவு உயரம் வரும் என்று கிடைத்துவிடும். தென்சிலுவை 60 டிகிரி தெற்கே இருக்கிறது, எங்களுக்கு அது 22 டிகிரி உயரத்தில் நிற்கும். டெல்லியில் ஒன்றரை டிகிரிகூட வராது, அடிவானத் தூசியிலேயே போய்விடும். லடாக்கில் ஹான்லே இருக்கிறதே, 2022-ல் இந்தியாவின் முதல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள், வானத்தைப் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது போக ஆசைப்படுகிற ஊர், அங்கிருந்து இந்தச் சிலுவை முழுதாக எழுவதே கிடையாது, பூமியின் வளைவு மறைத்துவிடும். ஹான்லேயின் இருட்டு நமக்கு இல்லை. காற்றில் ஈரம், உப்பு, தூசி, வடமேற்கே திருவனந்தபுரம் பக்கத்து வெளிச்சம். ஆனாலும் தெற்கு வானம் நம்முடையது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்கு இடம் பார்த்தபோதும் தெற்கே தாழ்ந்திருப்பது ஒரு காரணமாக இருந்தது, அது 12.5 டிகிரி வடக்கு. நாங்கள் அதற்கும் நான்கு டிகிரி தெற்கே உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. கேரளக் கரை மேற்கு பார்த்து நிற்கிறது. கோவளம், வர்க்கலை எல்லாம் சூரியன் மறைவதைப் பார்க்க அருமையான இடங்கள், ஆனால் அங்கே நேர் தெற்கே திரும்பினால் கரையும் ஊர் விளக்கும் குறுக்கே வரும். கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரைக்கும் கரை சாய்ந்து கிடப்பதால் எங்களுக்கு நேர் தெற்கே கடல் மட்டும்தான். அங்கிருந்து அண்டார்டிகா வரைக்கும் சொல்லும்படியான நிலப்பரப்பே இல்லை. எந்த ஊர் விளக்கும் கீழேயிருந்து ஏறி வந்து அந்தப் பக்கத்து வானத்தை வெளுக்காது. பகலில் பார்த்தால் வெறும் கடல். இரவில் படம் எடுக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

அன்றிலிருந்து என் வேலை மாறிவிட்டது. மையத்தை விட்டுவிடவில்லை, அதுவும் அழகுதான், ஆனால் இப்போது பத்து மணிக்கே டிரைபாடை நேர் தெற்கே வைத்துவிடுகிறேன். நட்சத்திரங்கள் நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி வரும், மாதத்துக்கு இரண்டு மணி நேரம். மார்ச் கடைசியில் குருசு நிமிர்வது நள்ளிரவு பன்னிரண்டரைக்கு, ஏப்ரல் கடைசியில் பத்தரைக்கு, மே கடைசியில் எட்டரைக்கு. அதற்கு மேல் இடவப்பாதி வந்து மழை பிடித்துக்கொள்ளும், அப்புறம் பல மாதத்துக்கு மேகம்தான். எட்டரை மணி என்பது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டக்கூடிய நேரம் என்பதால் மே மாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேமரா விஷயம் கேட்பவர்களுக்கு: என்னிடம் இருப்பது கிராப் சென்சார் (முழு அளவைவிடச் சின்ன சென்சார்) கேமரா ஒன்றும் 16 மி.மீ எஃப் 1.4 லென்ஸ் ஒன்றும். திறப்பை எஃப் 2-க்குக் குறைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் மூலையில் இருக்கிற நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைத்துவிடும். எத்தனை நொடி திறந்து வைக்கலாம் என்பதற்கு 500 விதி என்று ஒன்று சொல்வார்கள், 500-ஐ குவியத் தூரத்தால் வகுப்பது. பழைய பிலிம் காலத்துக்கு அது சரி. இன்றைய சென்சாரில் நட்சத்திரம் கோடாக இழுத்திருப்பது அப்பட்டமாகத் தெரியும். நான் 300 என்று வைத்துக்கொள்கிறேன், கிராப் கணக்கில் 16 மி.மீ என்பது 24-க்குச் சமம், ஆக பன்னிரண்டரை நொடி. இந்தக் கணக்கு வானத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற நட்சத்திரங்களுக்கானது. குருசு 60 டிகிரி தெற்கே இருக்கிறது, அது துருவத்தைச் சின்ன வட்டமாகச் சுற்றுவதால் நம் கண்ணுக்கு அதன் வேகம் பாதிதான். அதே லென்ஸில் அதற்கு 25 நொடி வரைக்கும் கொடுக்கலாம். சட்டத்தின் மேல் விளிம்பில் வேகமாக ஓடுகிறவையும் இருக்குமே, அதனால் 20 நொடியில் நிறுத்திக்கொள்கிறேன். பன்னிரண்டரைக்கும் இருபதுக்கும் உள்ள வித்தியாசம், அந்தத் தாழ்ந்த உயரத்தில், பெரிய வித்தியாசம்.

ஐஎஸ்ஓ 3200, ரா கோப்பு, வெள்ளைச் சமநிலை 3900 கெல்வின். ஃபோகஸுக்கு ஆல்ஃபா சென்டாரியைத் திரையில் பெரிதாக்கி, புள்ளி எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாகும் வரை கையால் திருப்பி, வளையத்தில் டேப் ஒட்டிவிடுவேன். பிறகு தொடர்ந்து பதினாறு படம். பதினாறையும் அடுக்கினால் புள்ளி இரைச்சல் நாலில் ஒன்றாகக் குறையும், எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் கணக்கு. அடுக்குவதற்கு சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருள் போதும், வானத்தையும் தரையையும் தனித்தனியாகக் கையாளும்.

நட்சத்திரத்தோடு சேர்ந்து சுழலும் டிராக்கர் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதை துருவ நட்சத்திரத்தைக் குறி வைத்து நிறுத்த வேண்டும். எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் வடக்கே வெறும் எட்டு டிகிரி உயரத்தில் இருக்கிறது, அதற்கு முன்னால் தென்னந்தோப்பு. இந்தக் கரையில் நின்று நான் அதை ஒருமுறைகூடத் தெளிவாகப் பார்த்ததில்லை. திசைகாட்டியையும் சாய்வுமானியையும் வைத்துச் சமாளிக்கலாம்தான், அகலமான லென்ஸுக்கு அதுவே போதும், ஆனால் மணலில் நிற்கிற டிரைபாட் அரை மணியில் ஒரு பக்கம் இறங்கிவிடும். அடுக்குவதே எனக்கு நிம்மதி.

நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் ஒன்று உண்டு. கரையோரம் ஒரு குருசடி, அதாவது சின்ன சிலுவைக் கோயில், இருக்கிறது, அதன் உச்சியில் சிலுவை. அதற்கு வடக்கே கொஞ்சம் தள்ளி நின்றால் அந்தச் சிலுவைக்கு மேலே வானத்துச் சிலுவை வந்து நிற்கும். ஆனால் குருசடியில் ராத்திரி முழுக்க எல்இடி விளக்கு எரியும், அந்த வெள்ளை வெளிச்சத்தில் ஒன்றும் எடுக்க முடியாது. பாட்டாவிடம் சொன்னேன். அவர் கோயில்பிள்ளையை, அதாவது கோயில் வேலைகளைக் கவனிக்கிறவரை, போய்ப் பார்த்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது, மறுநாள் இரவு பத்து இருபதுக்கு வரச் சொன்னார்கள், வந்தேன், விளக்கை அணைத்தார்கள். இருபத்தைந்து நிமிடம். விளக்கு அணைந்ததும் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள், கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்து. பிறகு ஒவ்வொருவராக அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு அக்கா தன் மகளிடம் பால்வெளியைக் காட்டி அது மேகம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிலுவைக்குக் கீழே இடது பக்கம் கரி பூசினாற்போல ஒரு இருட்டுத் திட்டு உண்டு, நட்சத்திரங்களுக்கு முன்னால் தூசு மேகம் மறைத்துக்கொண்டு நிற்கும் இடம் அது, கரிமூட்டை என்று ஆங்கிலத்தில் அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்தத் திட்டு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. விளக்கு எரிந்த மற்ற நாட்களில் எனக்கு அது கேமராவில்தான் தெரிந்திருக்கிறது.

படத்தை அச்செடுத்துப் பாட்டாவிடம் கொடுத்தேன். அவர் வானத்தைப் பார்க்கவே இல்லை. அடிவானத்தில் வரிசையாகக் கிடந்த வெளிச்சப் புள்ளிகளில் விரல் வைத்து, "இது நம்ம வள்ளமாட்டு இருக்கும், சின்னவன் அண்ணைக்கி போயிருந்தான்" என்றார். அதற்கு முன்பெல்லாம் படத்தைத் திருத்தும்போது வள்ளங்களின் விளக்கையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்துவிடுவேன். இப்போது அழிப்பதில்லை. அடுக்கும்போது அவை கோடாக இழுபடும், இழுபடட்டும், அல்லது ஒரே ஒரு படத்திலிருந்து அடிவானத்தை எடுத்து ஒட்டுகிறேன். கடலில் விளக்கே வேண்டாம் என்று நினைப்பவர்கள் சனிக்கிழமை இரவு வரலாம், ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் தொழிலுக்குப் போகிற வழக்கம் இல்லை, சனி இரவில் வள்ளங்கள் பெரும்பாலும் கரையில்தான் இருக்கும்.

இனிச் சொல்லப்போவது முக்கியம், கவனமாகப் படியுங்கள்.

தெற்கே நிலமே இல்லை, அதனால் வெளிச்சம் இல்லை என்று மேலே சொன்னேன். அதே காரணத்தால்தான் எங்கள் கரைக்குக் கள்ளக்கடல் வருகிறது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கேயோ புயல் அடித்து எழுப்பிய அலை, தடுக்க நிலம் எதுவும் இல்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்து, இங்கே காற்றே அடிக்காத, வானம் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கிற ஒரு இரவில் திடீரென்று கரையேறும். கள்ளன் போல வருவதால் அந்தப் பேர். அதிகமாக வருவது ஏப்ரல், மே மாதங்களில், அதாவது நாம் படம் எடுக்கப் போகிற அதே மாதங்களில். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற மத்திய அரசின் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, கேரளத்துக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் தனித்தனியாக. அதைப் பார்க்காமல் நான் இப்போது கிளம்புவதே இல்லை. ஒரு இரவு கேமராவை விட்டுவிட்டுப் பத்தடி பின்னால் உட்கார்ந்திருந்தேன், அதுவரை அலை வந்த இடத்துக்கும் டிரைபாடுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது, ஒரே ஒரு அலை, சத்தமே பெரிதாக இல்லை, மூட்டளவு தண்ணீர் வந்து டிரைபாடைக் கேமராவோடு சாய்த்துக்கொண்டு போனது. லென்ஸ் போய்விட்டது. கேமராவை நோக்கி ஓடினேன், பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், இழுத்தவர் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. இழுத்திருக்காவிட்டால் அடுத்த அலையில் நானும் கல்லுக்குள் போயிருப்பேன். கடலரிப்புக்குப் போட்ட பாறைகளின் மேல் இரவில் ஏறவே ஏறாதீர்கள். பாசி வழுக்கும், இடுக்கில் கால் போனால் எடுக்க முடியாது. தூண்டில் வளைவுகளுக்கு (கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்புகள்) நடுவே கொஞ்சம் மணல் மிச்சம் இருக்கும் இடங்களில், கரைப்பக்கம் வழி இருக்கிறதா என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொண்டு நில்லுங்கள்.

உப்பு இன்னொரு தலைவலி. அரை மணிக்குள் லென்ஸ் மேல் ஒரு படலம் படிந்து ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் பஞ்சு வைத்தது போலாகிவிடும். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகுதான் காய்ந்த துணி. பனி பிடிக்காமல் இருக்க பவர் பேங்கில் ஓடுகிற சின்ன சூட்டுப் பட்டையை லென்ஸில் சுற்றிவிடுகிறேன். காரில் ஏசி போட்டு வருகிறவர்கள் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து அரை மணி வெளிக்காற்றுக்குப் பழக விடுங்கள்.

கரையில் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் சொல்லிவிடுகிறேன். போனதும் அங்கே உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசுங்கள், எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். பச்சை லேசரைக் கடல் பக்கம் காட்டாதீர்கள், வள்ளத்தில் இருப்பவன் கண்ணில் படும். தலை விளக்கைச் சிவப்பில் வையுங்கள். நள்ளிரவில் தனியாகக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒருவரைப் பார்த்தால் பேச்சுக் கொடுக்காமல் தள்ளிப் போய்விடுங்கள். 2017-ல் ஒக்கி புயல் இந்த ஊர்களிலிருந்து கொண்டுபோனவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை, உடல்கூட வரவில்லை.

இப்போது என் கண் ஜனவரியில் இருக்கிறது. பெரிய மெகல்லன் மேகம் என்று ஒன்று உண்டு, நம் பால்வெளிக்குப் பக்கத்தில் இருக்கிற தனி அண்டம், ஏறக்குறைய 1,60,000 ஒளியாண்டு தூரம். 1987 பிப்ரவரியில் ஒரு நட்சத்திரம் அதில் வெடித்ததை வெறும் கண்ணாலேயே பார்த்தார்கள். எங்கள் கணக்கில் அது பன்னிரண்டு டிகிரி உயரத்துக்குத்தான் வரும், ஜனவரி நடுவில் இரவு பத்து மணி சுமாருக்கு. அந்த உயரத்தில் நேர் மேலே பார்ப்பதைவிட நாலு மடங்குக்கும் அதிகமான காற்றைத் துளைத்து வெளிச்சம் வர வேண்டும், அந்தக் காற்று முழுக்கக் கடல் ஈரம். அதற்கு மேலே அகத்தியர் நட்சத்திரம், வானத்தின் இரண்டாவது பெரிய வெளிச்சம், ஒன்றரைச் சாண் உயரத்தில் நிற்கும், அதிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கித் தேட வேண்டும். போன ஜனவரியில் மூன்று இரவு போனேன். இரண்டு இரவு அடிவானத்தில் மங்கல். மூன்றாவது இரவில் முப்பத்திரண்டு படம் அடுக்கிப் பார்த்தபோது, இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நகத்தளவு வெளிறல் இருந்தது, வெளிச்சத்தைக் கூட்டினால் தெரிகிறது, குறைத்தால் மறைகிறது.

பாட்டாவிடம் அதைக் காட்டிக் கேட்டேன், கடலில் கிடக்கும்போது அந்த இடத்தில் இப்படி ஒரு வெளிறல் பார்த்திருக்கிறாரா என்று. ரொம்ப நேரம் யோசித்தார். "தெக்க இன்னும் கீழ போனா தெரியும். மாலத்தீவுக்கு அங்கால போம்ப பாத்துருக்கேன், ரெண்டெண்ணம் உண்டு. பஞ்சு பிச்சுப் போட்ட மாதிரி." இரண்டு என்று அவரே சொன்னார். சின்ன மெகல்லன் மேகத்தைப் பற்றி அதுவரை நான் அவரிடம் வாயே திறந்திருக்கவில்லை.